கரும்புகை சொல்லும் சேதி

1/
2025 மே 7 இரவு சாப்பாட்டை முடித்துவிட்டு டிவியைப் போட்டால் எல்லா சேனலிலும் ஒரே காட்சி ஓடியது. ஓர் ஓட்டுக்கூரை. அதன் மேல் மெலிசாக ஒரு புகைபோக்கி. அதையே அண்ணாந்து பார்த்தபடி சதுக்கம் கொள்ளாத ஜனக்கூட்டம்.

வெள்ளைப் புகை வந்தால் புது போப் கிடைத்துவிட்டார். கரும்புகை வந்தால் இன்னும் இல்லை.

வெள்ளைப் புகையைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நான் கரும்புகையைப் பற்றி எழுதப் போகிறேன். அதற்கு ஒரு மருத்துவக் காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

இழை கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

2/
முதலில் அடிப்படை விஷயங்கள்.

போப் பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21 அன்று தன் 88ஆவது வயதில் காலமானார். இரண்டு நுரையீரலிலும் நிமோனியாவோடு 38 நாள் மருத்துவமனையில் இருந்து மீண்டு வந்தவர். ஈஸ்டர் ஞாயிறு அன்று மக்களை வந்து பார்த்தார். மறுநாள் காலை பக்கவாதத்தில் உயிர் பிரிந்தது.

அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க 2025 மே 7 அன்று 133 கர்தினால்கள் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் போனார்கள். எல்லோரும் 80 வயதுக்கு உட்பட்டவர்கள். நம் நாட்டுக்காரர்கள் 4 பேர். ஓட்டுரிமை உள்ள இன்னும் 2 பேர் உடல்நிலை காரணமாக வரவில்லை.

ஜெயிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதாவது அன்று 89 ஓட்டு.

3/
முதல் நாள் ஒரே ஒரு சுற்று வாக்கெடுப்பு. மறுநாளிலிருந்து காலையில் 2, மாலையில் 2 என்று ஒரு நாளைக்கு 4 சுற்று. ஓட்டுச் சீட்டுகளை எண்ணி முடித்ததும் ஊசியால் குத்தி, நூலில் கோத்து, அடுப்பில் போட்டு எரித்துவிடுவார்கள். அந்தப் புகைதான் வெளியே வருவது.

உள்ளே போனவர்களுக்கு போன் கிடையாது, பேப்பர் கிடையாது, டிவி கிடையாது. 2025ல் வத்திக்கானில் செல்போன் சிக்னலையே நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள்.

இந்த முறைக்குப் பெயர் கான்கிளேவ். லத்தீனில் 'சாவியோடு' என்று பொருள். பூட்டிய அறை.

சரி, கேள்வி இதுதான். பெரிய மனிதர்களை ஏன் பூட்டி வைக்க வேண்டும்? முதலில் பூட்டியது யார்?

4/
இன்று ரகசியம் காக்க அவர்களே ஒப்புக்கொண்டு உள்ளே போகிறார்கள். ஆரம்பத்தில் அப்படி இல்லை. வெளியே இருந்தவர்கள் பொறுமை இழந்து பூட்டினார்கள்.

1179ல் ஒரு நல்ல விதி வந்தது. மூன்றில் இரண்டு பங்கு கர்தினால்கள் ஒப்புக்கொண்டால்தான் போப். ஒருவர் ஜெயித்து, தோற்ற கோஷ்டி போட்டி போப்பை நிறுத்தி, சண்டை போட்டு மாளாமல் கொண்டுவந்த விதி.

நல்ல மருந்துதான். ஆனால் பக்கவிளைவு இல்லாத மருந்து எது? இரண்டு கோஷ்டியும் ஏறக்குறைய சமமாக இருந்தால் யாருக்கும் மூன்றில் இரண்டு கிடைக்காது. வருடக்கணக்கில் இழுக்கும். இழுத்தது.

5/
1241ல் ரோம் நகர நிர்வாகத்தின் தலைவராக இருந்தவர் மத்தேயோ ரொஸ்ஸோ ஓர்சினி. அவர் பத்து கர்தினால்களைப் பிடித்து, செப்திசோடியம் என்கிற பழைய ரோமானியக் கட்டடத்தில் அடைத்தார். ஆகஸ்ட் மாத ரோம் வெயில். சரியான கழிவறை இல்லை, காற்று இல்லை. எல்லோருக்கும் நோய் வந்தது. இங்கிலாந்துக்காரரான ஒரு கர்தினால் உள்ளேயே இறந்துபோனார்.

அக்டோபர் 25 அன்று ஒருவழியாக நான்காம் செலஸ்டினைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் 17ஆம் நாள் இறந்துவிட்டார்.

'மறுபடியும் முதலிலிருந்து' என்றதும் மிச்சமிருந்த கர்தினால்களில் பலர் ஊரைவிட்டே ஓடினார்கள். அடுத்த போப் வர ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது.

6/
ஆனால் வரலாற்றில் மிக நீண்ட காத்திருப்பு இது இல்லை. அதற்கு நாம் விதெர்போ போக வேண்டும். ரோமுக்கு வடக்கே 80 கிலோமீட்டர் போல இருக்கும் ஒரு கோட்டை ஊர்.

1268 நவம்பர் 29 அன்று போப் நான்காம் கிளெமென்ட் அங்கே இறந்தார். அன்றைய வழக்கப்படி போப் எங்கே இறக்கிறாரோ அங்கேயே தேர்தல். சுமார் 20 கர்தினால்கள் கூடினார்கள்.

ஒரு கோஷ்டி பிரெஞ்சு அரச குடும்பத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ஆஃப் ஆஞ்சூவுக்கு ஆதரவு. தென் இத்தாலியை அப்போதுதான் போரில் பிடித்திருந்தவர் அவர். இன்னொரு கோஷ்டி, 'ஏற்கெனவே அவர் கை ஓங்கிவிட்டது, போப் பதவியும் அவர் ஆளுக்குப் போனால் இத்தாலி காலி' என்றது.

தினமும் கூடினார்கள். பேசினார்கள். கலைந்தார்கள்.

7/
1269 முழுசும் போயிற்று. போப் இல்லை.

ஊர்க்காரர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கர்தினால்கள், அவர்களுடைய பரிவாரம், வேலைக்காரர்கள், குதிரைகள் எல்லோருக்கும் ஊரில் இடம் கொடுக்க வேண்டும். வந்தவர்கள் போவதாகத் தெரியவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள் நம்ம ஊரில். இங்கே வருஷம் தாண்டிவிட்டது.

கடைசியில் நகர நிர்வாகிகள் கர்தினால்களை ஆயர் மாளிகைக்குள் வைத்துக் கதவை அடைத்தார்கள். அப்போதும் நடக்கவில்லை. சாப்பாட்டை ரொட்டிக்கும் தண்ணீருக்கும் குறைத்தார்கள். அப்போதும் நடக்கவில்லை.

பிறகு மாளிகையின் கூரையைப் பிரித்துவிட்டார்கள்!

8/
கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். 1270 ஜூன் 8 தேதியிட்டு கர்தினால்கள் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. எழுதிய இடம் என்ற இடத்தில், லத்தீனில், 'கூரை இல்லாத மாளிகையில்' என்று போட்டிருக்கிறார்கள்.

கோபம், கேலி, அழுகை எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது இல்லையா?

வெயிலுக்கும் மழைக்கும் கூடத்துக்குள்ளேயே கூடாரம் அடித்துக்கொண்டார்களாம். அந்தக் கூடாரக் கம்புகள் நட்ட குழிகள் என்று விதெர்போ மாளிகையில் இன்றும் சில ஓட்டைகளைக் காட்டுகிறார்கள்.

உள்ளே இருந்தவர்களில் பலர் வயதானவர்கள். நோயாளி கர்தினால் ஒருவர் வெளியேற அனுமதி வாங்கிப் போனார். காத்திருந்த காலத்திலேயே மூன்று பேர் இறந்துபோனார்கள்.

9/
1271 மார்ச்சில் பிரான்ஸ் மன்னரும் சார்ல்ஸும் நேரில் வந்து, சீக்கிரம் முடியுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். அவர்கள் ஊரில் இருந்தபோதே, இங்கிலாந்து மன்னரின் அண்ணன்/தம்பி மகன் ஹென்றியை, விதெர்போ தேவாலயத்தில் பூசை நேரத்திலேயே பழிக்குப் பழி என்று வெட்டிக் கொன்றார்கள். போப் இல்லாத போப் ஊரில், கோயிலுக்குள்ளேயே கொலை.

தலைமை இல்லாத இடம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கடைசியில் முடிவெடுக்கும் பொறுப்பை ஆறு பேரிடம் விட்டார்கள். 1271 செப்டம்பர் 1 அன்று அவர்கள் ஒரு பெயரைச் சொன்னார்கள். தியோபால்தோ விஸ்கோந்தி.

1268 நவம்பர் 29லிருந்து எண்ணினால் 1006 நாள்.

10/
இதில் ஒரு வேடிக்கை. ஜெயித்தவர் அந்த மாளிகையிலேயே இல்லை. அவர் கர்தினாலும் இல்லை. ஏன், குருப்பட்டம்கூடப் பெறாதவர்! சிலுவைப் போர்ப் படையோடு ஆக்கர் நகரில் இருந்தார். இன்றைய இஸ்ரேலின் கடற்கரை ஊர்.

அவருக்குச் சேதி போய், அவர் கப்பல் ஏறி, இத்தாலி வந்து, குருப்பட்டம் வாங்கி, ரோமில் முடிசூட 1272 மார்ச் 27 ஆகிவிட்டது. பத்தாம் கிரகோரி என்று பெயர் வைத்துக்கொண்டார்.

உள்ளே அடைபட்டுக் கிடந்தவர்கள் தங்களுக்குள் ஒருவரைக்கூட ஒப்புக்கொள்ள முடியாமல், வெளியே தூரத்தில் இருந்தவரைப் பிடித்தார்கள். ஒருவகையில் அதுவே நல்லதாயிற்று. அடைபட்ட வலி இல்லாத ஆள், நோய் எது என்று வெளியிலிருந்து பார்த்தார்.

11/
1274ல் லியோன் நகரில் கூடிய திருச்சங்கத்தில் கிரகோரி ஒரு சட்டம் கொண்டுவந்தார். சுருக்கமாக அதன் சாரம்:

போப் இறந்தால் வெளியூர் கர்தினால்களுக்காக 10 நாள் மட்டும் காத்திருக்கவும்.

பிறகு எல்லோரும் ஒரே அறைக்குள். தடுப்புச் சுவர் கிடையாது. ஆளுக்கு ஒரு பணியாள். வெளியாரோடு பேச்சு கூடாது. சாப்பாடு ஒரு ஜன்னல் வழியாக வரும்.

3 நாளில் முடியவில்லையா? மதியம் ஒரு பதார்த்தம், இரவு ஒரு பதார்த்தம், அவ்வளவுதான்.

அதற்கு மேல் 5 நாள் ஆனதா? இனி ரொட்டி, தண்ணீர், ஒயின் மட்டும்.

தேர்தல் முடியும்வரை திருச்சபை வருமானத்திலிருந்து ஒரு காசு வராது.

விதெர்போ ஊர்க்காரர்கள் ஆத்திரத்தில் செய்ததை எல்லாம் எடுத்து, அளவும் நாளும் குறித்து ப்ரிஸ்கிரிப்ஷனாக எழுதிவிட்டார் மனிதர்!

12/
மருந்து வேலை செய்ததா? செய்தது.

கிரகோரி 1276 ஜனவரி 10ல் இறந்தார். சட்டப்படி 10 நாள் காத்திருந்து உள்ளே போனார்கள். ஒரே நாளில் போப் ரெடி. ஐந்தாம் இன்னொசென்ட்.

1006 நாள் எங்கே, ஒரு நாள் எங்கே!

ஆனால் டோஸ் கூடினால் எந்த மருந்தும் விஷம்தான். இன்னொசென்ட் ஐந்தே மாதத்தில் இறந்தார். அடுத்த தேர்தல் ரோமில், ஜூலை மாதக் கொடும் வெயிலில். காவல் பொறுப்பு அதே சார்ல்ஸ் ஆஃப் ஆஞ்சூவிடம். சட்டத்தைக் காட்டி இறுக்கிப் பிடித்தார். பூட்டிய அறை, குறைந்த சாப்பாடு, வயதான உடல்கள்.

நம்ம கத்திரி வெயிலில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு வாரம் படுத்துப் பாருங்கள், தெரியும்.

13/
ஜூலை 11ல் தேர்வானவர் ஐந்தாம் ஏட்ரியன். பதவிக்கு வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, 'அந்தப் பூட்டுச் சட்டத்தை நிறுத்தி வை' என்றது. அனுபவித்தவர் ஆயிற்றே.

புதுச் சட்டம் எழுதலாம் என்றிருந்தார். எழுதவில்லை. ஐந்து வாரத்தில், ஆகஸ்ட் 18ல், அவரும் போய்ச் சேர்ந்தார். எங்கே தெரியுமா? விதெர்போவில்.

1276ஆம் ஆண்டு மட்டும் அடுத்தடுத்து நான்கு போப்புகள். கிரகோரி, இன்னொசென்ட், ஏட்ரியன். நான்காவது ஆள்தான் எங்க ஆள்.

ஆமாம். டாக்டர்!

14/
போர்ச்சுகல்காரர். பேதுரோ யூலியாவோ. 21ஆம் ஜான் என்ற பெயரில் போப் ஆனார். கிரகோரிக்கு மருத்துவராக இருந்தவர். 'ஏழைகளின் கருவூலம்' என்கிற மருத்துவ நூலை எழுதியவர் என்று நீண்ட காலமாகச் சொல்லப்படுகிறது. கைக்காசு இல்லாதவர்கள் கிடைக்கும் பொருளை வைத்து வைத்தியம் பார்த்துக்கொள்ள உதவும் நூல் அது.

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எனக்கு அந்தத் தலைப்பே பிடித்துவிட்டது.

ஆனால் இந்த டாக்டர் போப்பும் பூட்டுச் சட்டம் வேண்டாம் என்ற முடிவையே உறுதி செய்தார். மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தவர் என்பதால் இருக்கலாம்.

படிப்பதற்காக விதெர்போ மாளிகையில் தனி அறை ஒன்று கட்டிக்கொண்டார். 1277 மே மாதம் அந்த அறையின் கூரை இடிந்து அவர் மேலேயே விழுந்தது. ஆறு நாள் கழித்து இறந்தார்.

கர்தினால்களுக்குக் கூரை இல்லாமல் போன அதே ஊர். டாக்டர் போப்புக்குக் கூரையே எமன்.

15/
சட்டம் போனதும் என்ன ஆயிற்று? நோய் திரும்பிவிட்டது.

அடுத்த தேர்தல் 6 மாதம். அதற்கடுத்ததும் 6 மாதம். 1287ல் வந்தது இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். மருத்துவ மாணவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் கவனமாகப் படியுங்கள்.

1287 ஏப்ரல் 3 அன்று போப் நான்காம் ஹொனோரியஸ் இறந்தார். ரோமில் அவென்டைன் குன்றின் மேல், சாந்தா சபீனா தேவாலயத்தை ஒட்டிய மாளிகையில் தேர்தல். முடிவு வரவில்லை. கோடை வந்தது. கூடவே ரோமின் பழைய எதிரியும் வந்தது.

காய்ச்சல்.

16/
குளிர், நடுக்கம், கொதிக்கிற ஜுரம், வியர்த்துக் கொட்டி இறங்குவது, ஒரு நாள் விட்டு மறுபடி. மருத்துவக் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவரே சொல்லிவிடுவார், மலேரியா.

அன்று யாருக்கும் தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று'.

அந்தக் கோடையில் ஆறு கர்தினால்கள் இறந்தார்கள். மற்றவர்கள் உயிர் பிழைத்தால் போதும் என்று ரோமைவிட்டு ஓடினார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் அசையவில்லை. ஜிரோலாமோ மாஷி. பிரான்சிஸ்கன் துறவி. காலியான அந்தப் பெரிய மாளிகையில் தனியாக உட்கார்ந்துவிட்டார்.

17/
அவர் செய்தது ஒன்றுதான். கோடை வெயில் என்றும் பார்க்காமல் அறைக்கு அறை நெருப்பு மூட்டி, அணையாமல் பார்த்துக்கொண்டார். கெட்ட காற்றைச் சுத்தம் செய்ய.

பிழைத்துக்கொண்டார்!

மாடு கட்டும் தொழுவத்தில் சாயங்காலம் மூட்டம் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வேப்பிலையும் சருகும் போட்டுப் புகைய விடுவோம். கொசு அண்டாது என்பதற்காக. அந்த மூட்டத்தைத்தான் கொசு என்று தெரியாமலேயே மாளிகை முழுக்கப் போட்டிருக்கிறார் மனிதர். காரணம் தப்பு, வைத்தியம் ஓரளவு சரி.

புகை மட்டுமே காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். முன்பே காய்ச்சல் வந்து கொஞ்சம் எதிர்ப்பாற்றல் இருந்திருக்கலாம். அதிர்ஷ்டமும் இருக்கலாம்.

(உடனே படுக்கையறையில் மூட்டம் போட்டுவிடாதீர்கள். மூச்சு முட்டும். கொசுவலை கட்டுங்கள், தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். அது போதும்.)

18/
குளிர்காலம் வந்து மற்றவர்கள் திரும்பினார்கள். ஆளில்லாத மாளிகையில் உயிரோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்கள். 1288 பிப்ரவரியில் அவரையே போப் ஆக்கிவிட்டார்கள். வேண்டாம் என்றார். மறுபடி ஓட்டுப் போட்டு அவரையே தேர்ந்தெடுத்தார்கள். நான்காம் நிக்கோலஸ். பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வந்த முதல் போப்.

புகையால் ஒரு போப் கிடைத்தது என்றால் உண்மையில் அது 1288ல்தான்!

அவர் இறந்த பிறகு மறுபடியும் 2 வருஷம் 3 மாதம் இழுபறி. 1294ல் மலையில் தவம் இருந்த ஒரு முதியவரைப் பிடித்து ஐந்தாம் செலஸ்டின் ஆக்கினார்கள். 'எனக்கு இது ஒத்துவராது' என்று ஐந்தே மாதத்தில் ராஜினாமா செய்துவிட்டார். ஆனால் போவதற்குமுன் உருப்படியாக ஒன்று செய்தார். கிரகோரியின் பூட்டுச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். அடுத்து வந்தவர் அதைச் சட்டப் புத்தகத்திலேயே சேர்த்துவிட்டார்.

இன்றும் சாத்தப்படும் கதவு அந்தச் சட்டத்தின் வாரிசு.

19/
பூட்டு நிலைத்தது. காய்ச்சலும் நிலைத்தது.

1590 செப்டம்பரில் தேர்வான ஏழாம் அர்பனுக்கு உடனே காய்ச்சல். முடிசூட்டு விழாவுக்குக்கூட உடம்பு விடவில்லை. 13ஆம் நாள் இறந்தார். மிகக் குறைந்த நாள் பதவியில் இருந்த போப் அவர்தான்.

1623 ஜூலை, ஆகஸ்டில் நடந்த கான்கிளேவில் கர்தினால்கள் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். ஜெயித்த எட்டாம் அர்பனே படுத்துவிட்டார். முடிசூட்டு விழா செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போனது.

இதன் பிறகுதான் தென் அமெரிக்காவிலிருந்து இயேசு சபைத் துறவிகள் ஒரு மரப்பட்டையை ரோமுக்குக் கொண்டுவந்தார்கள். ஹுவான் டி லூகோ என்ற கர்தினால் அதைப் பொடியாக்கி ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார். 'கர்தினால் பொடி' என்றே பெயர் வந்தது.

20/
அந்த மரம் சின்கோனா. பட்டையில் இருப்பது குவினைன்.

அதே மரம்தான் 1860களில் நம்ம நீலகிரிக்கு வந்தது. தொட்டபெட்டா, நடுவட்டம் பக்கம் தோட்டங்கள் போட்டார்கள். வால்பாறை அருகே சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நினைத்துக்கொள்ளுங்கள், கர்தினால்களுக்கும் நமக்கும் ஒரே காய்ச்சல், ஒரே மருந்து.

குற்றவாளி கொசுதான் என்பது உறுதியாக 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை ஆயிற்று. 1897ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். 1898ல் இத்தாலியில் கிராஸி குழுவினர் மனிதருக்கு மலேரியாவைக் கொண்டுவருவது அனாஃபிலிஸ் கொசு என்று நிரூபித்தார்கள்.

மாஷி நெருப்பு மூட்டி 611 வருஷம் கழித்து!

21/
இதுவரை சொன்னது உள்ளே இருந்தவர்களின் கதை. இன்றைய விதிகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு பழைய காயத்தின் தழும்பாகத் தெரியும்.

80 வயது ஆனவர்களுக்கு ஓட்டு இல்லை. இது 1970ல் வந்தது.

1978 ஆகஸ்ட் தேர்தல் வரைகூட மாளிகை அறைகளைத் தடுத்துக் கட்டில் போட்டு, ஜன்னலைச் சாத்தி, புழுக்கத்தில்தான் படுத்தார்கள். 1996ல் போப் இரண்டாம் ஜான் பால் விதியை மாற்றினார். இப்போது ஓட்டுப் போட மட்டும் சிஸ்டைன் சிற்றாலயம். சாப்பாடும் தூக்கமும் சாந்தா மார்த்தா இல்லத்தில், சொந்த அறை, சொந்தக் குளியலறையோடு.

அவசரத்துக்கு இரண்டு மருத்துவர்கள் உள்ளேயே இருப்பார்கள். ரகசியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு.

நடக்க முடியாமல் அறையில் படுத்திருக்கும் கர்தினாலிடம் ஓட்டு வாங்கி வருவதற்கென்றே குலுக்கல் முறையில் மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பூட்டிய பெட்டியோடு அவர் படுக்கைக்கே போவார்கள். உடம்பு முடியாதவரும் கணக்கில் உண்டு.

22/
சரி, வெளியே நிற்பவர்கள்? அவர்களுக்கு என்ன செய்தார்கள்?

பல நூற்றாண்டுகள் ஒன்றும் செய்யவில்லை. சீட்டை எரிக்கும் வழக்கம் பழையது. புகை வந்தால் இன்று முடியவில்லை என்று மக்களே புரிந்துகொள்வார்கள். வெள்ளை என்றால் ஆயிற்று, கறுப்பு என்றால் இல்லை என்கிற ஏற்பாடு 1914 தேர்தலிலிருந்துதான் என்பார்கள். நூறு வருஷப் பழக்கம்தான்.

அதிலும் குழப்பம். ஈர வைக்கோல் போட்டுப் பார்த்தார்கள். 1958 அக்டோபர் 26 அன்று வெள்ளையாகப் புகை வந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது, வத்திக்கான் வானொலியே போப் கிடைத்துவிட்டார் என்று சொல்லிவிட்டது. கொஞ்ச நேரத்தில் புகை கறுத்தது. உண்மையில் தேர்வு நடந்தது இரண்டு நாள் கழித்து.

23/
பிறகு ரசாயனம் வந்தது. 2005லிருந்து சந்தேகம் தீர, வெள்ளைப் புகையோடு மணியும் அடிக்கிறார்கள். 2013ல் கலவையையும் வெளியிட்டார்கள்.

வெள்ளைக்கு: பொட்டாசியம் குளோரேட், லாக்டோஸ், மரப்பிசின். லாக்டோஸ் என்பது பாலில் இருக்கிற சர்க்கரைதான்.

கறுப்புக்கு: பொட்டாசியம் பெர்குளோரேட், ஆந்த்ரசீன், கந்தகம்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். தேர்வு முடிந்தால் மட்டும் புகை விட்டால் போதாதா? முடியாவிட்டால் சும்மா இருக்கலாமே? 'இன்னும் ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்வதற்கு எதற்கு மெனக்கெட்டு ஒரு தனி அடுப்பு, தனி ரசாயனம்?

இதற்குப் பதில் எனக்கு ஒரு பெரியவர் சொன்னார்.

24/
அப்போது நான் ஹவுஸ் சர்ஜன். ஒரு ராத்திரி, பிரசவ வலியோடு வலிப்பும் வந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இரத்த அழுத்தம் எகிறிக்கிடந்தது. சீனியர்கள் உள்ளே போராடிக்கொண்டிருந்தார்கள். நான் ரத்தம் வாங்க, ரிப்போர்ட் வாங்க என்று அந்தக் கதவைத் திறந்து திறந்து ஓடினேன்.

வாசலில் அந்தப் பெண்ணின் மாமனார் துண்டைத் தோளில் போட்டபடி நின்றார். ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனேன். சொல்ல ஒன்றும் இல்லையே, எதைச் சொல்வது?

விடிகாலையில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நானே சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"நல்ல சேதி வேணும்னு கேக்கல தம்பி. இன்னும் ஒண்ணும் தெரியலன்னாச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல. அஞ்சு மணி நேரமா நாங்க மனசுக்குள்ள எத்தன தடவ எடுத்துப் போட்டுட்டோம் தெரியுமா?"

25/
அந்த ராத்திரி நான் கரும்புகை விடவில்லை. அதுதான் என் தப்பு.

காத்திருக்கிறவனுக்கு முடிவு தெரியாததைவிட, உள்ளே ஆள் இருக்கிறார்களா, வேலை நடக்கிறதா, தன்னை நினைத்துப் பார்க்கிறார்களா என்று தெரியாததுதான் பெரிய வாதை. விதெர்போ ஜனங்கள் கூரையைப் பிரித்ததும் அந்த வாதையில்தான் என்று நினைக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பிரித்துப் பார்த்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஐ.சி.யூ. வாசலோ, தியேட்டர் வாசலோ, கதவைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நிற்கிறேன். "இன்னும் சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லைங்க. பாத்துக்கிட்டு இருக்கோம். மறுபடி வந்து சொல்றேன்." அவ்வளவுதான். நெருக்கடியில் சில நாள் மறந்தும் போகிறேன். ஆனால் முன்புபோல் தலையைக் குனிந்துகொண்டு போவதில்லை.

26/
2025 மே 7 இரவு நம்ம நேரப்படி 8 மணிக்கு கர்தினால்கள் சிஸ்டைன் சிற்றாலயத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். 'மற்ற எல்லோரும் வெளியே' என்று லத்தீனில் ஒரு குரல் கேட்டது. கதவு சாத்தப்பட்டது. முதல் புகை வர நம் நேரத்துக்கு இரவு பத்தரை, பதினொன்று ஆகலாம், இன்னும் தாமதமும் ஆகலாம் என்று இருந்தது.

முதல் சுற்றிலேயே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு ஒருவருக்கு விழுவது அபூர்வம். அதனால் முதல் நாள் வருவது பெரும்பாலும் கரும்புகைதான். 'ப்ச், இன்னைக்கு இல்லையா' என்று சேனலை மாற்றிவிடாதீர்கள். ஒரு நொடி பாருங்கள்.

பட்டினி கிடந்தவர்கள், வெயிலில் வெந்தவர்கள், காய்ச்சலில் போனவர்கள், வெளியே காத்து நின்று அலுத்தவர்கள் என்று பல நூறு வருஷத்துக்குப் பிறகு கற்றுக்கொண்ட ஒரு மரியாதை அது.

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் உங்களிடமிருந்து ஒரு பதிலுக்குக் காத்திருக்கலாம். பதில் இன்னும் கிடைக்கவில்லை என்றால் அதையாவது போய்ச் சொல்லிவிடுங்கள்.

புகை வந்தால் யாராவது கமெண்டில் சொல்லுங்கள். கறுப்பாக இருந்தாலும் சொல்லுங்கள்.